சுவாமி விபுலானந்தர் என்னும் வாத்தியார்



ஜூலை மாதம் வந்தால் எங்கள் கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகளில் காவி உடுத்த ஒரு துறவியின் படத்துக்கு மாலை விழும். பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்வார்கள். முத்தமிழ் வித்தகர், யாழ்நூல் தந்த பேராசிரியர், மட்டக்களப்பின் தவப்புதல்வர் என்று பட்டங்கள் வரிசையாக வரும். 1947 ஜூலை 19ஆம் திகதி மறைந்த சுவாமி விபுலானந்தர் அத்தனைக்கும் உரியவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை. பட்டங்களின் கூட்டத்தில் வாத்தியாரைக் காணோம். பதினாறு வயதில் சீனியர் பரீட்சையை முடித்த கையோடு கரும்பலகை முன் நின்றவர், ஐம்பத்தைந்தாம் வயதில் கண்மூடியபோதும் பேராசிரியராகவே இருந்தார். இடையில் உடுப்பு மாறியது, பெயர் மாறியது, ஊர்கள் பல மாறின. படிப்பிக்கிற வேலை மட்டும் மாறவில்லை. நம் வாசகர்களில் பெரும்பகுதியினர் ஆசிரியர்கள் என்பதால், இந்த மாதப் பக்கத்தை அந்த வாத்தியாருக்கே கொடுத்துவிடுகிறேன்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிறது காரைதீவு. அங்கே 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் மயில்வாகனம். ஊரின் தாய்த்தெய்வம் கண்ணகி அம்மன். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள், குளிர்த்தி பாடுவார்கள். மதுரையில் நீதி கேட்டவளின் கதையைப் புத்தகத்தில் சந்திப்பதற்கு எத்தனையோ காலம் முன்னமே, கோயில் வாசலில் காதால் கேட்டு வளர்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். பின்னாளில் சிலப்பதிகாரத்தின் ஒரு சிறு பகுதிக்காக இவர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததை நினைக்கும்போது, அந்த வைகாசி இரவுகளை ஒதுக்கிவிட்டு என்னால் நினைக்க முடிவதில்லை.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். அரசாங்கத்தின் உதவிப் பணம் பெற்று, மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் நடத்திய பாடசாலைகள் அவை. மயில்வாகனம் முதலில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தார். பிறகு மட்டக்களப்பு நகரில் இயேசு சபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி. சைவ வீட்டுப் பிள்ளைக்குக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் திறந்துவிட்டவர்கள் வெள்ளை அங்கி அணிந்த கத்தோலிக்கத் துறவிகள். கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறியதும் அதே மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராக நின்றார். தன் சமயத்தை விட்டுக்கொடுக்காமல் பிற சமயத்தாரிடம் மாணவராக அமரவும் அவர்களோடு ஆசிரியராக வேலை செய்யவும் அந்த வயதிலேயே அவர் பழகிவிட்டார். பின்னாளில் சைவப் பிள்ளைகளுக்கென்று பாடசாலைகளைக் கட்டி எழுப்பியபோதும் அவருடைய குரலில் வன்மம் ஏறாமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். பயிற்சி முடிந்து மீண்டும் சில காலம் படிப்பித்தார். பிறகு கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே 1916ஆம் ஆண்டில்தான் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே.

இந்த இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று குடுவையும் தராசும் வைத்துப் படிக்கிற படிப்பு. மற்றது இலக்கணத்தையும் உரையாசிரியர்களையும் நெட்டுருப் போட்டுத் தேற வேண்டிய படிப்பு. அன்றைக்கு ஒன்றில் இருந்தவர்கள் மற்றதன் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தமிழ்ப் புலவர் பழைய ஏடு. தமிழ்ப் புலவருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூட வாத்தியார் வேர் அறுந்த மனிதர். ஒரே ஆளாக இரண்டு பக்கமும் நின்று, இரண்டு பக்கத்தாரும் மறுக்க முடியாத தகுதியைப் பெற்றுக் காட்டினார் இந்த இளைஞர். வயது இருபத்து நான்கு.

மறு ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அதுவும் கத்தோலிக்கக் கல்லூரிதான். அங்கே படிப்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டத்துக்குத் தாமே படித்தார். இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை, கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததே 1921இல்தான். பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சிப் புத்தகம் திருத்தல், அதற்கு மேல் தன் படிப்பு. இன்றும் கிராமத்துப் பாடசாலைகளில் வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிற எத்தனையோ இளம் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தப் பகுதியைத் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. பட்டம் பெற்றவர் 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பண்டிதர் மயில்வாகனனார், பீ.எஸ்ஸி. வயது முப்பதைத் தொடவில்லை. நல்ல பதவி, நல்ல பெயர்.

1922இல் அதை விட்டுவிட்டுச் சென்னைக்குக் கப்பல் ஏறினார்.

சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பியபோது முதலில் கால் வைத்தது கொழும்பில். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பேசிவிட்டுத்தான் இராமநாதபுரம் கரை சேர்ந்தார். அதே ஆண்டில் இராமகிருஷ்ண மிஷன் பிறந்தது, சென்னையில் மடமும் தொடங்கியது. காரைதீவில் அப்போது மயில்வாகனத்துக்கு ஐந்து வயது. அந்தக் காற்று இலங்கையில் தணியவே இல்லை. கொழும்பில் விவேகானந்த சபை ஏற்பட்டது, படித்த இளைஞர்கள் அங்கே கூடினார்கள், மயில்வாகனனாரும் அவர்களில் ஒருவர். தன் முத்தியும் உலகின் நன்மையும் ஒன்றாகத் தேடப்பட வேண்டியவை என்பது இராமகிருஷ்ண சங்கத்தின் கொள்கை. காட்டுக்குப் போய்த் தனித்திருப்பதை அது துறவிக்கு விதிக்கவில்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அநாதை இல்லமும் அங்கே பூசைக்குரிய இடங்கள். வாத்தியார் வேலையைத் தவமாகச் செய்துவந்த ஒருவருக்கு வேறு எந்த மடமும் இத்தனை பொருந்தியிருக்காது.

மயிலாப்பூர் மடத்தில் பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு பிரமசரிய வாழ்வு. மடத்தின் தமிழ் இதழான 'இராமகிருஷ்ண விஜயம்', ஆங்கில இதழான 'வேதாந்த கேசரி' இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னாளில் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி 'பிரபுத்த பாரத' இதழையும் நடத்தினார். மாதம் தவறாமல் வாசகர் கையில் இதழைச் சேர்க்கிற வேலையின் பாரம் தெரிந்தவன் என்ற முறையில், இந்த மூன்று பெயர்களையும் எழுதும்போது அவர்மேல் எனக்குத் தனி நெருக்கம் உண்டாகிறது. 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர் அவர், அப்போது சங்கத்தின் தலைவர். அன்றிலிருந்து மயில்வாகனம் விபுலானந்தர் ஆனார்.

துறவு வாங்கியவர் எங்கே போனார் என்பதுதான் என் மனதை மிகவும் தொடுகிற இடம். திரும்பி இலங்கைப் பள்ளிக்கூடங்களுக்கே வந்தார். 1925 தொடங்கி, கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற பாடசாலைகளை நடத்துகிற சுமை அவர் தோளில். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, மட்டக்களப்புக் கிராமங்களின் சிறு பள்ளிகள், காரைதீவில் பெண்பிள்ளைகளுக்கென்று சாரதா வித்தியாலயம். பாடசாலை முகாமையாளர் என்றால் என்ன வேலை என்பது அந்தப் பதவியில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூரைக்குக் கிடுகு, ஆசிரியர் சம்பளம், கல்வித் திணைக்களத்துக் கடிதம், பரிசோதகர் வருகை, உதவிப் பணத்துக்கான கணக்கு. தியானம் செய்ய வந்த ஒருவருக்கு இவை தொல்லையாகத் தோன்றலாம். விபுலானந்தருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவருடைய கனவுப் பள்ளி மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் கல்லடி உப்போடையில் எழுந்தது. 1929இல் திறந்த அதற்குத் தம் குருநாதரின் பெயரை வைத்தார், சிவானந்த வித்தியாலயம் என்று. நிலாக்காலங்களில் வாவியின் அடியிலிருந்து மீன் பாடுவதாக எங்கள் ஊரார் காது வைத்துக் கேட்கிற இடம் கல்லடிப் பாலம். அந்தப் பாட்டைக் கேட்டு, நீரரமகளிர் பாடுவதாக வைத்துச் செய்யுள் செய்தவரும் இவரே. பாலத்தைக் கடந்தால் பள்ளிக்கூடம். பணமில்லாத வீட்டுப் பிள்ளை சொந்தச் சமயத்தை மறைக்காமல், தமிழைக் கைவிடாமல், விஞ்ஞானமும் ஆங்கிலமும் முழுமையாகப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற அவருடைய நெடுநாள் ஆசை அங்கே கட்டடமாயிற்று. தமக்கு மிக்கேல் கல்லூரி கொடுத்ததைத் தம் மக்களுக்குத் தம் மண்ணின் நிறத்தோடு கொடுக்க நினைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அவருடைய அன்பின் எல்லை சைவ வீடுகளோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளையாக வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்தவர், பின் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்முனையில் அரசாங்க அதிகாரியாக இருந்தபோது சுவாமியோடு நெருங்கிப் பழகினார். கிழக்கில் கல்வி இல்லாமல் பின்தங்கியிருந்த முஸ்லிம் மக்களுக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் ஊன்றியது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கியது. 1948இல் அஸீஸ் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். அதிகாரியைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிய காரணங்கள் பல இருக்கலாம். கல்விக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒரு துறவியோடு பழகிய நாட்களும் அவற்றில் சேரும். கல்முனையையும் காரைதீவையும் பிரிக்கிற தூரம் எவ்வளவு சிறிது என்பதும், பின்வந்த காலத்தில் அது எவ்வளவு பெரிதாக்கப்பட்டது என்பதும் எங்கள் பகுதி வாசகர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த நட்பை அழுத்திச் சொல்கிறேன்.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டு ஆண்டுகளே இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் நடந்தவற்றில் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட மாட்டேன்.

முதலாவது பாரதியார். கவிஞர் மறைந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாமரர் பாடுகிறார்கள், பத்திரிகைகள் அச்சிடுகின்றன, ஆனால் பண்டிதர் சபையில் அவருக்கு இருக்கை இல்லை. இலக்கணம் தெரியாதவர், வெறும் தேசியப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள். மதுரைச் சங்கத்தின் பண்டிதரும் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஒருவர், மாணவர்களைக் கூட்டிப் பாரதி பாடல்களை வாசிக்கச் செய்து, இவர் மகாகவி என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்கு வேறு எடை வந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தி 'மதங்க சூளாமணி' எழுதியவர் அவர். எது கவிதை என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையை ஒரு புதிய கவிஞனுக்காகச் செலவழித்தார்.

இரண்டாவது திருவேட்களம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய ஊர். அங்கே தீண்டாமையால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் குடியிருப்புக்கு மாலை வேளைகளில் போய், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் பேராசிரியர். 1931ஆம் ஆண்டுச் சிதம்பரத்தை மனதில் வைத்து இதைப் பாருங்கள். கோயில் கதவுகள் அந்த மக்களுக்குத் திறக்காத காலம். காவி உடுத்தவர் ஒருவர் பகலில் சங்க இலக்கியம் நடத்திவிட்டு, பொழுது சாயச் சேரியில் உட்கார்ந்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார் என்றால் அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். அவருடைய பக்தியை அளக்க எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டால் நான் திருவேட்களத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று மேடையில் பேசுவது எங்கும் நடக்கிறது. அந்த இறைவனுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் மிகச் சிலர்.

பல்கலைக்கழகத்தை விட்டபின் மீண்டும் இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்தார். இடையில் 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனத்தையும் தமிழையும் ஒருசேரப் படிப்பித்த அனுபவம் இருந்த அவரைவிட அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர் அன்று இருந்திருப்பாரா என்பது ஐயமே. அங்கே உழைத்துத் தொகுத்தவை பிறகு அச்சாகி, தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர்களுக்குக் கைகொடுத்தன.

இனி யாழ்நூல். இதை இசைத்தமிழ் ஆராய்ச்சியின் சிகரம் என்று எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அது ஒரு பௌதிக ஆசிரியரின் புத்தகமாகவும் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் காதையில் இளங்கோவடிகள் ஓர் ஆச்சரியமான காரியம் செய்கிறார். ஆடலைச் சொல்வதற்கு முன், ஆடல் சொல்லிக் கொடுத்த ஆசான் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் எப்படிப்பட்டவன், யாழாசிரியன் எவற்றையெல்லாம் அறிந்திருந்தான் என்று ஒவ்வொருவர் தகுதியையும் நிதானமாகக் கூறுகிறார். யாழாசிரியனின் தகுதியைச் சொல்லும் அந்தச் சில வரிகளுக்குள் பழந்தமிழர் இசை முறை முழுவதும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடியார்க்குநல்லார் உரை கொஞ்சம் விரிக்கிறது, ஆனால் கருவியே உலகில் இல்லாமல் போனபின் உரையும் பூட்டிய பெட்டிதான். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் நூல்களில் இருந்தன. கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

விபுலானந்தர் அங்கே ஆய்கூடத்து வாத்தியாராக இறங்கினார். வீணையைப் போல் யாழில் மெட்டுகள் கிடையாது. நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்துக்கு உரியது. நரம்பின் நீளம், இறுக்கம், கனம் மூன்றும் சேர்ந்தே ஒலியின் உயர்வு தாழ்வைத் தீர்மானிக்கின்றன. நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி, நாம் இன்று பஞ்சமம் என்கிற சுரம் பிறக்கும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் இப்படிக் கணக்கிட்டு நிறுத்தலாம். பிறகு குரலை விட்டுத் துத்தத்தைத் தொடக்கமாக வைத்தால் ஒரு பாலை, கைக்கிளையைத் தொடக்கமாக வைத்தால் இன்னொன்று. இசைவாணர் இன்று கிரகபேதம் என்று சொல்வதை, பாலைத்திரிபு என்ற பெயரில் இளங்கோ காலத்தவர் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்கள் என்று அவர் படிப்படியாக நிறுவினார். கணக்குப் போட்டுக் காட்டினார். பண்களுக்கும் தேவாரத்துக்கும் தனித்தனி இயல் ஒதுக்கினார். ஏறத்தாழ பதினான்கு ஆண்டு உழைப்பு என்பார்கள்.

அவருக்கு முன் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டிருந்தார். அவரும் ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். செம்பாலை என்பது சங்கராபரணம் என்றார் பண்டிதர். அரிகாம்போதி என்றார் விபுலானந்தர். சுருதிக் கணக்கிலும் இருவர் வழி வேறு. அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற விவகாரம் இது, தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கிறிஸ்தவரும் ஓர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியும் ஒரே பழைய தமிழிசைக்காகத் தம் ஆயுளைச் செலவிட்டார்கள் என்பதை வாசிக்கையில் நெஞ்சு நிறைகிறது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் பொறுப்பேற்றார். அண்ணாமலையிலும் முதல்வர், இங்கும் முதல்வர். உடல் அப்போதே தளரத் தொடங்கியிருந்தது. நோயோடு போராடிக்கொண்டே வகுப்பும் நடத்தினார், யாழ்நூலின் அச்சு வேலையையும் பார்த்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 ஜூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். ஆறு பெருகி ஓடக்காரர் இறங்க மறுத்த நாளில், திருஞானசம்பந்தர் அடியாரோடு ஓடத்தில் ஏறிப் பதிகம் பாட, ஓடம் தானே அக்கரை சேர்ந்தது என்று சேக்கிழார் சொல்லும் தலம் அது. இசையால் கடந்த ஊரில் இசைநூல் அரங்கேறியது. அவருடைய கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக வந்தன, மேடையில் ஒலித்தன. நூலாசிரியர் நலம் குன்றிய உடலோடு அதைக் கேட்டார். அடுத்த மாதம் கொழும்பில் காலமானார்.

உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள். சமாதிக் கல்லில் அவருடைய பாட்டு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பாடத் தெரியாத பிள்ளை இல்லை. எந்த மலரை இறைவன் விரும்புகிறான் என்று கேட்டு, தோட்டத்துப் பூக்களையெல்லாம் ஒதுக்கி, உள்ளத்தையும் கூப்பிய கையையும் நோக்கும் கண்ணையும் மலராகக் காட்டுகிற பாட்டு. பாடுவது குழந்தைக்கும் எளிது. எழுதியவர் இலண்டன் பட்டதாரி, மதுரைப் பண்டிதர், இரு பல்கலைக்கழகப் பேராசிரியர். இத்தனை படித்தவருக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிக் கடவுளைப் பற்றிச் சொல்ல முடிந்திருக்கிறது. அதை வாத்தியார்த் திறம் என்பதா, பக்தியின் தெளிவு என்பதா? அவரிடம் இரண்டையும் பிரித்தெடுக்க நான் முயன்றதில்லை.

வாசகர்களிடம் இந்த மாதம் ஓர் உதவி கேட்கிறேன். அவருடைய நூல்கள் அச்சில் இருக்கின்றன, கட்டுரைகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பது பெரும்பாலும் வாய்மொழியில்தான் தங்கியிருந்தது. அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004 சுனாமியிலும் எங்கள் கரையோர வீடுகள் இழந்த காகிதங்களுக்குக் கணக்கே இல்லை. இருந்தும் எங்கேனும் ஒரு பெட்டிக்குள், உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ சிவானந்த வித்தியாலயத்திலோ வைத்தீஸ்வராவிலோ காரைதீவு சாரதாவிலோ படித்த காலத்துப் பயிற்சிப் புத்தகம், விடுகைப் பத்திரம், சுவாமி கையெழுத்திட்ட கடிதம், இராமகிருஷ்ண விஜயம் பழைய இதழ் ஒன்று இருக்கக்கூடும். 1943க்கும் 1947க்கும் இடையில் கொழும்பில் அவரிடம் தமிழ் கேட்டவர்களின் குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் அது பெரும் செல்வம். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட சம்பவம் என்றாலும் எழுதுங்கள், யார் சொன்னது, எந்த ஆண்டுவாக்கில் நடந்தது என்பதையும் சேர்த்து.

அசலை அனுப்ப வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால் போதும். ஏடு உதிர்கிற நிலையில் இருந்தால் தொடாமல் எங்களுக்கு எழுதுங்கள், விடயம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கே அனுப்புகிறோம். ஊர், பாடசாலை, வகுப்பு, ஆண்டு என்று தெரிந்ததை எல்லாம் குறிப்பிடுங்கள். வந்தவற்றைச் சரிபார்த்து ஐப்பசி இதழிலிருந்து வெளியிடத் தொடங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்